மத்தி எண்ணெய் குடித்த மாடு

மொகுதூம் தண்டலுக்குப் பொறுமை கிடையாது. அதை அவர் மறைத்ததும் கிடையாது.

படகுத் தலைவனை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். வலையில் விழுந்தது நாறுவதற்குள் கரை சேர வேண்டும், சேர்ந்தது நாறுவதற்குள் விற்க வேண்டும். அப்படி ஓடி ஓடியே அறுபதைத் தொட்டார். பிறகு படகை மகன்களிடம் விட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் அடங்கியிருக்கும் தைக்காவுக்கு வந்து, அங்கே ஓதிக்கொடுக்கும் இதுரீசு ஹஜ்ரத்தின் முன்னால் சீடராக உட்கார்ந்தார்.

ஹஜ்ரத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தாடியில் ஒரு நரை இல்லை. ஊரில் சிலர் சிரித்தார்கள்.

"மகன் வயசுக்காரன்கிட்டப் போயி ஓதுறீங்களே தண்டல்."

"கலங்கரை விளக்குக்கு வயசு கேட்டுக்கிட்டா படகு ஓட்டுறோம்?" என்றார் தண்டல்.

ஹஜ்ரத் அவருக்கு ஓத ஒரு வார்த்தை கொடுத்தார். இறைவனின் திருநாமங்களில் ஒன்று. சின்ன வார்த்தை.

"இதை ஓதிக்கிட்டிருங்க, காக்கா."

தன்னைவிட மூத்தவரை அங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சீடராக இருந்தாலும் மூத்தவர் மூத்தவர்தானே.

தண்டல் ஓதினார். நூறு சொன்னால் ஆயிரம் ஓதினார். மணிமாலை அவர் கையில் ராட்டினம் போலச் சுற்றும். அவருக்குப் பின்னால் வந்த சீடர்களுக்கு இரண்டாவது வார்த்தை கிடைத்தது. சிலருக்கு மூன்றாவதும் கிடைத்தது. தண்டலுக்கு மட்டும் அந்த ஒன்றுதான்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஹஜ்ரத், எனக்கு அடுத்தது எப்ப?"

"என்ன அவசரம்?"

"அறுபது வயசு. மௌத்து வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது. உங்களுக்கென்ன, சின்னப்பிள்ளை."

ஹஜ்ரத் சிரித்தார்.

"பின்பக்கம் ஒரு மாடு கட்டியிருக்கே, பார்த்தீங்களா?"

"மாடா அது? துணி காயப்போடுற கொடின்னு நினைச்சேன்."

"யாரோ நேர்ச்சைக்கு விட்டுட்டுப் போனாங்க. வர்ற கந்தூரிக்கு அதைத்தான் அறுக்கணும். தேத்திக் கொண்டு வாங்க. ஊர் உக்காந்து தின்னு, நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அன்னிக்கே உங்களுக்கு அடுத்த வார்த்தை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கந்தூரி என்பது தைக்காவில் அடங்கியிருக்கும் பெரியவரின் பேரில் வருஷாவருஷம் நடக்கும் விருந்து. பணக்காரன், பரதேசி என்று பார்க்காமல் ஊர் முழுக்க வந்து சாப்பிடும். தண்டல் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மாட்டை வீட்டுக்கு இழுத்துப் போனார். அடுத்த வார்த்தையே கயிற்றின் மறுமுனையில் நடந்து வருவது போலத்தான் அவருக்கு இருந்தது.

செவலைக் காளை. விலா எலும்பு தெரிந்தது. அவர் மனைவி செய்தூன் பீவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எலும்பு நல்ல எலும்பு. வைக்கோலும் பச்சைப்புல்லும் வயிறு முட்டப் போடுங்க. தவிடு வைங்க. ஊறவச்ச பருத்திக்கொட்டை ஒரு பிடி. தன்னால தேறும்."

"எப்ப தேறும்?"

"தேறும்போது தேறும்."

தண்டல் வைக்கோல் போட்டார், புல் போட்டார், தவிடு வைத்தார். தினமும் காலையில் விலாவில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒருநாள் எலும்பு தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது. மாடு படுத்துக்கொண்டு அசை போட்டது. அதன் முகத்தில் அவசரம் என்பதே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்கத் தண்டலுக்கு எரிச்சல் வந்தது.

"செய்தூன், கறியில கொழுப்பு ஏறணும். வைக்கோல்ல எங்க இருக்கு கொழுப்பு? பிழிஞ்சு காட்டு பார்ப்போம்."

"நீங்க பிழிஞ்சா வராது. மாடு பிழிஞ்சா வரும்."

"கொழுப்பைக் கொடுத்தாத்தான் கொழுப்பு வரும். நம்ம மாப்பிள்ளை வரும்போது எப்படி இருந்தான்? நெய்ச்சோறு போட்டுப் போட்டு இப்ப வாசக்கதவு பத்தல."

கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பது அந்த ஊர் வழக்கம். வந்தவன் இளைத்துப் போனான் என்று எந்த மாமியாரும் பேர் வாங்கியதில்லை.

"மாப்பிள்ளை அசை போடமாட்டாரு" என்றாள் செய்தூன்.

தண்டல் காதில் அது ஏறவில்லை. அவர் கண் கொட்டகை மூலையில் இருந்த பீப்பாய்கள் மேல் போயிருந்தது.

அவை மத்தி எண்ணெய்ப் பீப்பாய்கள். மத்தி மீனைக் காய்ச்சி எடுப்பது. படகுப் பலகையில் பூசினால் உப்புத்தண்ணீர் ஏறாது, மரம் வருஷக்கணக்கில் நிற்கும். கடற்கரையில் எந்த வீட்டிலும் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், மத்தி எண்ணெய்க்குப் பஞ்சம் வராது.

ஒரு கிண்ணம் எடுத்துத் தவிட்டில் ஊற்றினார். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருப்பட்டியைக் கரைத்துக் கலந்தார். நக்கியது.

சில நாளிலேயே தோல் மினுங்கத் தொடங்கிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கறிக்கடை சேகனா வந்து முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தண்டல் இது, கண்ணாடி மாதிரி இருக்கு? நான் இப்பவே கத்தியைத் தீட்டவா?"

"இன்னும் இருக்கு. பாருங்க."

கிண்ணம் சொம்பானது. சொம்பு இரண்டானது. மாடு நக்க மறுத்த அன்று, மருந்து புகட்டும் மூங்கில் குழாயை வாயில் வைத்து உள்ளே ஊற்றினார். செய்தூன் கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

அப்புறம் மாடு வைக்கோலைத் தொடவில்லை. புல்லைப் போட்டார், பார்த்துக்கொண்டு நின்றது. சாணம் இளகி, எண்ணெய்ப் பிசுக்கோடு விழுந்தது. தோல் மட்டும் அதே மினுமினுப்பு. அதற்குள்ளே மாடு கரைந்துகொண்டிருந்தது. படுத்தாலும் வாய் அசையவில்லை.

கந்தூரிக்குக் கொடியேற்ற நாள் பார்த்துவிட்டார்கள். தண்டல் தைக்காவுக்கு ஓடினார்.

"ஹஜ்ரத், நல்லதாத்தான் கொடுத்தேன். நல்லது நிறையக் கொடுத்தேன். மாடு திங்கறதையே நிறுத்திடுச்சு."

ஹஜ்ரத் எழுந்து அவரோடு நடந்தார். கொட்டகைக்குள் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார். மாட்டின் இடது பக்கம் போனார். விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழிவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க கையை வைங்க."

தண்டல் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"ஒண்ணும் இல்லைதான். பக்கத்து வீட்டுல பசு இருக்கா?"

இருந்தது. வேலி தாண்டிப் போய் அதன் குழிவில் கை வைத்தார்கள். உள்ளே ஏதோ புரண்டது. அடங்கியது. மறுபடி பெரிதாகப் புரண்டது. அடியலை பாறையில் உருளுவது போல ஒரு சத்தம். தண்டல் கையை எடுக்காமல் நின்றார். அறுபது வருஷம் அலையைக் கேட்டவருக்கு, ஒரு பசுவின் வயிற்றுக்குள் அது இருப்பது அதுவரை தெரியாது.

திரும்பி வந்ததும் ஹஜ்ரத் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். இரண்டு பிடி வைக்கோல் எடுத்தார். ஒரு பிடியை எண்ணெய்ப் பீப்பாயில் முக்கினார். இரண்டையும் வாளியில் போட்டார்.

"வாங்க, அசர் தொழுதுட்டு வருவோம்."

"இதைப் பார்க்க வேணாமா?"

"நாம பார்த்தா அது சீக்கிரம் ஊறாது, காக்கா."

தொழுதுவிட்டு வந்தார்கள். வெறும் வைக்கோல் தண்ணீர் குடித்து அடியில் கிடந்தது. எடுத்து நசுக்கினால் விரலுக்கிடையில் பிய்ந்தது. எண்ணெய் வைக்கோல் மேலே மிதந்தது. ஒடித்தால் உள்ளே காய்ந்தபடி இருந்தது.

தண்டல் அந்த ஒடிந்த வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பருத்திக்கொட்டையிலயும் எண்ணெய்தானே இருக்கு? அது மட்டும் ஏன் ஒண்ணும் செய்யல?"

"அது கொட்டைக்குள்ள இருக்கு. கொஞ்சமா இருக்கு. மாடு மென்னு மென்னு எடுத்துக்கும்."

"இப்ப என்ன கொடுக்கட்டும்? இந்த எண்ணெயை முறிக்க ஏதாவது மருந்து?"

"ஒண்ணும் கொடுக்காதீங்க."

"ஒண்ணுமே வேணாமா?"

"உங்களுக்கு அதுதான் கஷ்டம். தெரியும்" என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் போய்விட்டார்.

அன்றைக்கே பீப்பாய்கள் படகுத்துறைக்குப் போயின. செய்தூன் பக்கத்து வீட்டுப் பசுவைக் கேட்டு வாங்கி வந்து காளைக்கு எதிரில் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"ஒண்ணு மெல்றதைப் பார்த்தா இன்னொண்ணுக்கு நினைப்பு வரும். நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டா எனக்குப் பசிக்கும்ல."

தண்டல் கொட்டகையில் ஒரு மணை போட்டு உட்கார்ந்தார். ஊற்ற ஒன்றும் இல்லை, இழுக்க ஒன்றும் இல்லை. பசு அசை போட்டது. காளை அதைப் பார்த்தது. அவர் இரண்டையும் பார்த்தார்.

ஒரு காலையில் காளை ஒரு வைக்கோலை இழுத்தது. இழுத்து, வாயில் வைத்துக்கொண்டு யோசித்தது. பிறகு இன்னொன்று. அடுத்த சில நாளில், படுத்திருந்த மாட்டின் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறுவதைத் தண்டல் கண்ணால் பார்த்தார். தாடை ஒரு பக்கமாக அசைந்தது.

"செய்தூன்" என்று கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார், மாடு நிறுத்திவிடுமோ என்று.

மாடு ஒரு கவளத்தை மென்று இறக்கும். அடுத்தது மேலே வரச் சற்று நேரமாகும். அந்த நேரத்தில் தண்டலின் உதடும் அசையும், தனக்குக் கொடுத்த அந்த ஒரே வார்த்தையோடு. மணிமாலை சட்டைப்பையிலேயே கிடந்தது.

கந்தூரி நெருங்கியபோது காளை ஓரளவு தேறிவிட்டது. கொழுத்தது என்று சொல்ல முடியாது. விலா மூடியிருந்தது. கண்ணில் தெளிவு இருந்தது. தண்டல் அதைத் தைக்காவுக்குக் கூட்டிப் போனார். இந்தத் தடவை அது முன்னால் நடந்தது, அவர் பின்னால் போனார். மனசுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருக்கத்தான் செய்தது. எண்ணெயை நிறுத்திவிட்டாரே. மாடு பழையபடி தின்கிறதே. இனி என்ன?

அறுத்து உரித்த பிறகு சேகனா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளிருந்து எடுத்த கொழுப்பைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார்.

"ஆறினதும் இது இறுகி நிக்கணும், தண்டல். மெழுகு மாதிரி. பாருங்க, தளதளன்னு விரல்ல ஒட்டுது."

"கறி?"

"கறி பாக்கறதுக்கு நல்லா இருக்கு. வாடைதான்..."

"வாடை வருதா?"

"இஞ்சி பூண்டைத் தூக்கலாப் போடச் சொல்றேன். பட்டை கிராம்பும் அள்ளிப் போடட்டும். போயிடும்."

சேகனா தண்டலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த ஊரில் விருந்து என்றால் சகன்தான். சகன் என்பது பெரிய தாம்பாளம். சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். தனி இலையில் பிடிக்காததை மடித்து மறைத்துவிடலாம். சகனில் முடியாது. நீ ஒதுக்கினது அடுத்தவன் முன்னால் போய் நிற்கும்.

ஹஜ்ரத்தின் சகனில் தண்டல், சேகனா, படகுக்காரர் நெய்னா. பிஸ்மில்லா சொல்லிக் கையை வைத்தார்கள்.

தண்டல் சாப்பிடவில்லை. மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய்னா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். கையை மூக்குக்குக் கொண்டு போனார்.

"தண்டல், இது எந்த வலையில பட்ட மாடு?"

சேகனா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

"செதிலைச் சீவினீங்களா சேகனா, இல்லை அப்படியே போட்டுட்டீங்களா?" என்றார் நெய்னா.

பக்கத்துச் சகனில் யாரோ சிரித்தார்கள். அதற்கடுத்த சகனிலும் கேட்டது. சிரிப்பு பந்தல் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கெட்ட மனசோடு யாரும் சிரிக்கவில்லை. சோற்றைத் தின்றார்கள், பருப்பைத் தின்றார்கள், கறியை மட்டும் கையால் தள்ளினார்கள். நெய்னா தள்ளியது சேகனா பக்கம் போயிற்று. சேகனா தள்ளியது தண்டல் முன்னால் வந்து குவிந்தது.

தண்டல் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய படகின் வாடை அது.

பந்தி முடிந்து ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்தார்கள். நெய்னா போகும்போது தண்டலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சேகனாவும் எழுந்தார். சகனில் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஹஜ்ரத் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினார். கறிக் குவியல் தண்டல் முன்னாலிருந்து நகர்ந்து அவர் முன்னால் வந்து நின்றது. ஒரு துண்டை எடுத்துப் பிய்த்து, சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். அடுத்ததை எடுத்தார்.

"வேணாம் ஹஜ்ரத். எழுந்திரிங்க."

ஹஜ்ரத் எழவில்லை.

"ஊர் நல்லா இருக்குன்னு சொல்லல. எனக்கு அடுத்த வார்த்தை இல்லை. அது தெரியுது. சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

"எங்க போவீங்க?"

"கடலுக்குத்தான். வேற எங்க?" தண்டல் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க."

தண்டல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"எண்ணெயை நிறுத்திட்டேன் ஹஜ்ரத். பீப்பாயைக்கூட வீட்டுல வைக்கல. அதுக்கப்புறம் அது வைக்கோல்தான் தின்னுச்சு, புல்லுதான் தின்னுச்சு. நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன். பிறகும் எப்படி வாடை வந்துச்சு?"

"ஊத்தினது நீங்க. நிறுத்தினதும் நீங்க. கரைக்கிற வேலை மாட்டோடது. அது பாதி கரைச்சிருந்துச்சு. கந்தூரி வந்துடுச்சு."

"ஊரே கையை எடுத்துடுச்சு. நீங்க மட்டும் ஏன் தின்னுறீங்க?"

ஹஜ்ரத் வாயில் இருந்ததை மென்று முடித்தார். அவசரமில்லாமல் இறக்கினார்.

"மிச்சத்தை யாராவது கரைக்கணும்ல, காக்கா."

தண்டல் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, குவியலில் இருந்து ஒரு துண்டை எடுத்தார்.